பின்னறை ஆகாயம்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா? இங்கே நான் சுகம்தான். ரொட்டித் தொழிற்சாலையில் என்னை இரவு ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்க மாவு வாசனை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பதினொரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். கிழித்துப் போடாமல் இந்த வரிவரைக்கும் வந்திருந்தால் அதுவே பெரிது. அப்பா இறந்த செய்தி டிசம்பரிலேயே எனக்கு வந்துவிட்டது. அன்றைக்கே பையில் துணியை எடுத்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பின்னறையில் அப்பா வைத்திருந்த விமான விளையாட்டுச் சாமான்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிடி, கால் பெடல்கள், மூன்று திரை, ஹெட்போன். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. மற்றதை எனக்கு அனுப்பினால் போதும். வீட்டில் வேறு எதிலும் எனக்கு நாட்டமில்லை.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 20

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் உயிரோடும் சுயபுத்தியோடும் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பையில் துணி வைத்ததும் எடுத்ததும் எனக்குத் தேவையில்லாத தகவல். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வருடம் திரும்புவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நீ. பெட்டி கட்டுவதும் பிரிப்பதும் உனக்குப் புதிதா?

இப்போது என் கேள்விகள். நீ போனபோது எனக்கு முழங்கால் வலி கிடையாது. கண்ணுக்கு மருந்து விட ஆரம்பித்தது போன வருடம். பின்னறையில் உன் அப்பா அந்தக் கூடாரத்தைப் போட்டது அவர் தண்ணீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு, அதாவது நீ இந்த வாசலைத் தாண்டிய பிறகு. திரை மூன்று என்பதுவரை உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. அவர் இறந்த அன்றைக்கு மாடி வீட்டம்மா படபடவென்று இறங்கி வந்து கதவைத் தட்டினாள். "ஐயா எங்கம்மா? அந்த ரூம் கதவைத் தொறந்து பாருங்க, சீக்கிரம்!" என்றாள். வீட்டுக்குள் இருந்த எனக்கே தெரியாதது மாடியில் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். "சும்மா மனசுக்குத் தோணிச்சும்மா" என்கிறாள். அவளுக்கு மழை வருவதே துணி நனைந்த பிறகுதான் தோன்றும்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள் நான். சொல்லிக்கொடுத்து வந்த சாட்சியை வாய் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வந்து பார்த்தார். மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். உன் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன். 'ஹெட்போன்' என்று எழுதியிருக்கிறாய், சரி; 'சொட்டு'வில் ஒற்று விட்டுப்போயிருந்தது, நானே போட்டுவிட்டேன்.

உன் தாயார்

*

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டம்மாவுக்குப் போன் செய்தது நான்தான். அவர்களைக் கோபிக்காதீர்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

நான் போன அடுத்த வருடம் அப்பாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பிடி, ஒரு ஜோடி பெடல், ஒரு துண்டுச் சீட்டு: "உங்கம்மா 'அவ இந்த வாசல மிதிக்கக் கூடாது'ன்னு சொல்லியிருக்கா. நான் மீறமாட்டேன். ஆகாயத்தைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நாங்கள் பறப்போம். அவர் அங்கே பின்னறையில், நான் இங்கே சமையல் மேடைக்குப் பக்கத்தில். திரையில் ஒரே ஓடுபாதை. பழைய விமானங்கள்தான். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் கம்பி, தலைக்கு மேல் மூடி கிடையாது. "ஜெட்ல போறது பஸ்ல போற மாதிரிடி. இதுலதான் காத்து மூஞ்சில அடிக்கும்" என்பார். அதற்காக மேஜை ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வாராம். கரண்ட் பில் பற்றி நீங்கள் திட்டியதையும் சொன்னார்.

தரையில் ஓடும்போது அந்த விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். முன்னால் ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "குடிச்சவன் வீட்டுக்குப் போற மாதிரி போ" என்றார். அவர் முன்னால், நான் பின்னால். அவர் பெயர் மூக்கு, என் பெயர் வாலு.

நீங்கள் கதவுக்கு வெளியே நின்று சாப்பிடக் கூப்பிடுவது எனக்குக் கேட்கும். "வாலு, கோர்ட்டு கூடிருச்சு, எறங்கலாம்" என்பார். பத்து வருடமாக ஞாயிறுதோறும் உங்கள் குரலைக் கேட்டிருக்கிறேன் அம்மா. எப்போது தொண்டை கட்டியது, எப்போது சரியானது என்றுகூடத் தெரியும். முழங்கால், கண் எல்லாம் அவர் சொன்னது.

சாமான்களைக் கொடுத்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 19

மகளுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. முறைக்காகக் கேட்டதாக வைத்துக்கொள்.

"வாலு" என்று அவர் கூப்பிடுவது என் காதிலும் விழும். யாரோ ஊர் பேர் தெரியாத பையனோடு விளையாடுகிறார், பேரன் பேத்தி இல்லாத மனுஷன், போகட்டும் என்று இருந்தேன். நடுவில் இருந்தது ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் என் மகளும் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காப்பி இரண்டு தடவை வேண்டும். இரண்டாவது தடவை ஏதோ உற்சாகத்தில் கேட்பார். நானும் போட்டுக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைப்பேன். உங்கள் சந்திப்புக்குச் சிற்றுண்டி ஏற்பாடு என்னுடையது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகாயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையாம். வக்கீல்களோடு காலம் தள்ளியவள் நான். சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தது பம்ப் இன்ஜினியர். என்னைக் 'கோர்ட்டு' என்று சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். சிரித்த நீதிமன்றத்தை நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காரியம் செய். அன்றைக்கு நடந்ததை எழுது. என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யார் என்ன சொன்னார்கள், சொன்னது சொன்னபடி. உன் அபிப்பிராயம் வேண்டாம். அவர் கடைசியாக என்ன பேசினார் என்று நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அது எழுதி வரும்வரை சாமான்கள் இருக்கும் இடத்தில் இருக்கும்.

உன் தாயார்

*

ஏப்ரல் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தாமதத்துக்கு மன்னிக்கவும். தொழிற்சாலையில் ஒரு அடுப்பு பழுதாகி ஆட்கள் எல்லாம் இரட்டை ஷிஃப்ட். அது ஒரு காரணம். எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டது இன்னொரு காரணம்.

அன்றைக்கு அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். புதிதாக ஒரு விமானம் வாங்கியிருந்தார். வாங்கியது என்றால் விளையாட்டுக்குள்தான். "எஞ்சினைக் குறைக்கவே முடியாது வாலு. ஓடினா முழுசா ஓடும், இல்லாட்டி நிக்கும். உங்கம்மா மாதிரி" என்றார். இதை எழுதலாமா என்று யோசித்தேன். சொன்னது சொன்னபடி என்றீர்கள்.

மலையைச் சுற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்தின் மேல் போனோம். அவருக்கு எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் மடை எங்கே, மதகு எங்கே என்று தேட வேண்டும். "அளவு கொறஞ்சிருக்கு பாரு" என்றார். அதுதான் கடைசி.

கூட்டமாகப் பறக்கும்போது பின்னால் வருகிறவருக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான்: "முன்னாடி போறவனை மட்டும் பாரு. தரையைப் பாக்காத. அது என் வேலை." அவருடைய வலது இறக்கை மெதுவாகச் சாய்ந்தது. நானும் சாய்த்தேன். இறங்கினார். நானும் இறங்கினேன். தண்ணீரைச் சக்கரத்தால் தொட்டுவிட்டு மேலே ஏறுவது எங்களுக்கு வாடிக்கை. அதுதான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே "எங்கப்பா போறோம்?" என்று கேட்டேன். அவர் இறக்கையின் நுனியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அவர் தண்ணீருக்குள் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

பிறகு ஹெட்போனில் வெறும் எஞ்சின் சத்தம்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சந்தேகம் வந்து மாடி வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன். அவசரத்துக்கு என்று அப்பா கொடுத்திருந்த எண்.

இவ்வளவுதான் அம்மா.

உங்கள் மகள்

*

மே 6

மகளுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க நியாயம் இல்லை, ஆனாலும் இருப்பாயாக.

உன் வாக்குமூலத்தில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீ எழுதியபடி அவர் விழுந்தவுடனே போன் செய்திருந்தால் மாடி வீட்டம்மா நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போதே வந்திருக்க வேண்டும். அவள் வந்தபோது நான் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது. அந்த நேரம் முழுக்க நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டு அந்த யந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொன்னேன். "நீங்களே உக்காருங்கம்மா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார். "எனக்குத் தரையே போதும். நீங்க போய் விழுந்து காட்டுங்க" என்றேன். விழுந்தார். திரை இருண்டது. "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதும்மா. இந்த பட்டன அமுக்கினா மறுபடி ஓடுபாதைக்கே கொண்டாந்து விட்டுடும். புது வண்டி, புது உசுரு" என்றார். விழுந்தவன் எல்லாம் எழுந்துகொள்கிற இடம் போலிருக்கிறது. அதனால்தான் உன் அப்பாவுக்கு இந்த வீட்டைவிட அது பிடித்திருக்கிறது.

பிறகு ஹெட்போனைக் கையில் எடுத்தேன். வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை எப்படி அணைப்பது என்று கேட்டேன். "இந்த மாடல்ல அணைக்கிற பட்டனே கிடையாதும்மா. விளையாட்டு ஓடற வரைக்கும் இங்க நடக்கறது எல்லாம் அந்தப் பக்கம் போகும். வெளிய நின்னு நீங்க இருமினாக்கூட" என்றார்.

'வேறு ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறாய். மறுபடி கேட்கிறேன். தண்ணீரில் விழுந்ததற்கும் போன் செய்ததற்கும் நடுவில் உன் காதில் என்ன விழுந்தது?

உன் தாயார்

*

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? இங்கே வெயில்.

என் காதில் ஒன்றும் விழவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தும் அவர் விமானம் ஓடுபாதைக்கு வராததால் சந்தேகம் வந்தது. எப்போதும் விழுந்தால் "சோறு வெந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே எனக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அதற்காகக் காத்திருந்தேன். நேரமானதற்கு அதுதான் காரணம்.

ஒரு நொடியில் போயிருப்பார், யார் வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக மாடி வீட்டம்மா சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள்.

பிடியை மட்டுமாவது அனுப்ப முடியுமா? மற்றதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள்

*

ஜூன் 11

மகளுக்கு,

உன் கடிதம் கண்டேன். மூட்டு வலி கூடியிருக்கிறது. அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை.

தண்ணீர் குடிக்கப் போனாயாம். போன கடிதத்தில் எஞ்சின் சத்தம் கேட்டாய், இந்தக் கடிதத்தில் காதிலேயே மாட்டவில்லை. இரண்டு வாக்குமூலம் கொடுக்கிற சாட்சியை எங்கள் நீதிபதி ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான், ஆள் வியர்த்துப்போவான். என்னிடம் நீ தப்பித்துக்கொண்டிருப்பது என் எதிரே இல்லாததால்.

உண்மை இதுதான். பெற்ற தகப்பன் உன் கண் முன்னால் தலைகுப்புற விழுந்தார். வாய் விட்டுச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே போனாய். பிறகு பொம்மை விமானத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் வந்து நிற்பார் என்று காத்திருந்தாய். அந்த நேரத்தில் ஒரு போன் வந்திருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன். டாக்டர் சொன்னதை எனக்கு நீ சொல்ல வேண்டாம். டாக்டர்கள் விதவைகளிடம் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன்னோடு சகவாசம் வைக்காமல் இருந்திருந்தால் அவர் கூடத்தில் என் எதிரே உட்கார்ந்திருப்பார். நெஞ்சைப் பிடித்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

வரும் மாதம் முதல் சனிக்கிழமை கம்ப்யூட்டர்க்காரரை வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டேன். பிடி உள்பட.

உன் தாயார்

*

ஜூன் 27

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்காமல் எழுதுகிறேன். எழுதி எழுதி அடித்திருக்கிறேன், தாள் கிழிந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். சாகும்வரைக்கும். நீங்கள் விடவில்லை.

நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. ஹெட்போன் காதில்தான் இருந்தது. தண்ணீரில் விழுந்ததும் திரை இருண்டது; பட்டனை அமுக்கி நான் ஓடுபாதைக்கு வந்துவிட்டேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "என்னப்பா, சோறு வெந்துச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. வீம்புக்குப் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்வார். அப்போது உங்கள் குரல் வந்தது. சொன்னது சொன்னபடி:

"என்னங்க, சாப்பிட வாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கரண்டி சத்தம்.

"காது கேக்கலையா? எத்தன தடவ தொண்ட கிழியக் கத்தறது?"

நான் இங்கிருந்து "அப்பா, கோர்ட்டு கூடிருச்சு, போங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கதவுக்கு வெகு பக்கத்தில், மூன்றாவது தடவை:

"அங்கயே செத்துக் கெடங்க. இனிமே நான் கூப்பிடமாட்டேன்."

நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தம். நீங்கள் சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அந்த வார்த்தைக்கு அவர் ஏதாவது முணுமுணுத்திருக்க வேண்டும். அப்பா ஒரு வார்த்தையைக்கூடப் பதில் இல்லாமல் விடமாட்டார். நான் என் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அவர் மூச்சு எப்போதும் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதோடுதான் நான் பறப்பேன். அது இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்போதுதான் போனை எடுத்தேன்.

கதவு சாத்தித்தான் இருந்தது அம்மா, பூட்டியிருக்கவில்லை. நான் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தேன்.

சாமான்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

மகள்

*

அக்டோபர் 3

மகளுக்கு,

ஜூன் 27ஆம் தேதியிட்ட உன் கடிதம் உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு மாதமாக உடம்பு சரியில்லை, இப்போது எழுந்து நடமாடுகிறேன். தாமதத்துக்கு அதுதான் காரணம்; வேறு காரணம் எதுவும் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

அதில் மூன்றாவது தடவை என்று நீ எழுதியுள்ள வார்த்தைகள் இந்த வீட்டில் சொல்லப்படவில்லை. முதல் இரண்டும் சொல்லப்பட்டிருக்கலாம். கதவு மரக்கதவு. கனமானது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்ட நிலையில் உன் காதில் விழுந்ததை நம்பத்தக்கதாக ஏற்க முடியாது.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். அப்படிப்பட்ட வார்த்தைகளைப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

கம்ப்யூட்டர்க்காரர் சொன்ன சனிக்கிழமை வண்டியோடு வந்தார். அன்றைக்கு எனக்குத் தலைவலி. திருப்பி அனுப்பிவிட்டேன். "அடுத்த வாரம் வரட்டாம்மா?" என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

மாடி வீட்டம்மா உனக்குத் தூது போகிறவள்தானே, அவளே சொல்லியிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். வயிறு ஏற்பதில்லை. வயதானால் அப்படித்தான். அவள் தட்டில் எதையாவது மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு வாய் சாப்பிடுங்கம்மா, யாரு மேல கோபம்?" என்கிறாள். தட்டு அப்படியே மாடிக்குப் போய்விடுகிறது.

உன் தாயார்

*

அக்டோபர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது காய்ச்சல் ஏதும் இல்லையே? நான் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நிதானமாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியதுதான் சரி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இரவு ஷிஃப்ட் முடித்த அசதி. ஹெட்போனும் பழையது. மூன்றாவது தடவை நீங்கள் சொன்னதும் "சாப்பிட வாங்க" என்பதுதான். நான்தான் தவறாகக் கேட்டிருக்கிறேன். ஜூனில் உங்கள் மேல் இருந்த கோபத்தில் அதைப் பெரிதாக்கி எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நான் காத்திருந்ததும் தவறுதான். உடனே போன் செய்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

மத்தியானம் சாதம் செரிக்கவில்லை என்றால் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுங்கள். எங்கள் தொழிற்சாலையில் வயதானவர்களுக்கென்று மெத்தென்று ஒரு வகை போடுகிறோம். சொன்னால் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 30

மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை.

பிடி, பெடல்கள், திரைகள், ஹெட்போன் எல்லாம் நேற்றுப் பார்சலில் போய்விட்டன. கம்ப்யூட்டர்க்காரர்தான் கட்டினார். மேஜை ஃபேனையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். "ஃபேன் எதுக்கும்மா, எந்த ஊர்லயும் கிடைக்குமே" என்றார். கட்டச் சொன்னால் கட்டுங்கள் என்றேன்.

உன் ஜூன் கடிதத்தில் வரிக்கு வரி அடித்தல். ஒரு இடத்தில் தாள் ஓட்டையே விழுந்திருக்கிறது. அக்டோபர் கடிதத்தில் ஒரு அடித்தல்கூட இல்லை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. சாட்சிக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து முப்பது வருடம் எழுதியவளுக்கு இதைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்கிறவன் திக்குவான், திரும்பிப் போவான், மூக்கைச் சிந்துவான். நம் பென்சில் அவனுக்காகக் காத்து நிற்கும். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவன் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டுவான். எழுதுவதற்குச் சுகமாக இருக்கும்.

நீ பொய் சொல்வது உன் அப்பாவிடம் கற்றதாக இருக்கும். எனக்குச் சாதகமாகச் சொல்வதும் அவர் வழக்கம்தான். அது எனக்கு வேண்டாம். ரொட்டியும் வேண்டாம்.

நீ கிழிக்கச் சொன்னபடி கிழித்துவிட்டேன். அக்டோபர் கடிதத்தை. ஜூன் கடிதம் என்னிடம் இருக்கும்.

உன் தாயார்